லேட்டக்ஸ் உடை அணிந்தவரைப் படமெடுத்தல்

பட்டுச் சேலையையும் பருத்திச் சட்டையையும் அழகாகப் படமெடுக்கத் தெரிந்தவருக்குக்கூட லேட்டக்ஸ் உடை முதல் நாளில் தண்ணி காட்டிவிடும். நெய்த துணியில் ஒளி இழைகளில் பட்டு நாலா பக்கமும் சிதறுகிறது. விளக்கு அரை அடி தள்ளி நின்றாலும் பெரிய சேதம் வராது. லேட்டக்ஸில் இழையே கிடையாது; அது வழவழப்பான ரப்பர் தாள். விளக்கு எங்கே நிற்கிறது, சுவர் என்ன நிறம், நீங்கள் என்ன சட்டை போட்டிருக்கிறீர்கள் என்று எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும். எவர்சில்வர் குடத்தைப் படமெடுத்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும்: படத்தில் குடத்தைவிட அடுக்களைதான் அதிகம் இருக்கும்.

ஆகவே லேட்டக்ஸுக்கு வெளிச்சம் போடாதீர்கள். லேட்டக்ஸ் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறதோ, அதற்கு வெளிச்சம் போடுங்கள். இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதி அந்த ஒரு விஷயத்தின் விரிவுதான். மிச்சம், காற்றுப் புகாத அந்த உடைக்குள் வியர்த்துக்கொண்டிருக்கும் மனிதரைப் பற்றியது.

பொருள்

ரப்பர் மரத்துப் பாலைத் தாளாக வார்த்து, வெட்டி, ஒட்டிச் செய்வது இந்த உடை. கன்னியாகுமரி மாவட்டத்தில் விடியற்காலையில் பால்வெட்டுக்குப் போகிறவர்களும், மலேசியத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக மரம் சீவிய தமிழர்களும் கையாண்ட அதே பால்தான். 1876இல் ஹென்றி விக்ஹாம் பிரேசிலிலிருந்து லண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோன விதைகளில் முளைத்த கன்றுகள் இலங்கைக்கும் மலாயாவுக்கும் வந்த பிறகே ஆசியாவில் ரப்பர் தோட்டங்கள் பரவின. தாளை ஆடையாக்கும் தையலகங்கள் ஐரோப்பாவில் பல உண்டு. இங்கிலாந்தின் ஃபோர் டி ரப்பர் நிறுவனத்தின் தாள்களை உலகெங்கும் உள்ள தையலகங்கள் வாங்குகின்றன. தையலகம் என்பது பழக்கத்தில் வந்த பேச்சு. ஊசி குத்தினால் ஓட்டையிலிருந்து கிழிசல் ஓடும் என்பதால் பெரும்பாலான லேட்டக்ஸ் உடைகளின் இணைப்புகள் பசையால் ஒட்டப்பட்டவை.

இரவு விடுதிகளுக்கும் தனி விருப்பக் குழுக்களுக்கும் உரியதாக இருந்த இந்த உடை பொது மேடைக்கு வந்ததற்கு நல்ல உதாரணம், 2009 டிசம்பரில் பிளாக்பூல் நகரில் நடந்த ராயல் வெரைட்டி நிகழ்ச்சி. லண்டன் வடிவமைப்பாளர் அட்சுகோ குடோவின் சிவப்பு லேட்டக்ஸ் கவுனில் லேடி காகா இங்கிலாந்து ராணியைச் சந்தித்தார். அந்தப் படங்களைத் தேடிப் பாருங்கள். முதலாம் எலிசபெத் காலத்துப் பாணியில் உப்பிய கைகளும் உயர்ந்த கழுத்துப்பட்டையும் கொண்ட உடை அது. பளபளப்பு எங்கே விழுகிறது, எங்கே விழவில்லை என்று மட்டும் கவனியுங்கள். நல்ல பாடம் அது.

தாளின் தடிமன் உங்களுக்கு முக்கியம். உடைக்குப் பரவலாகப் பயன்படுவது 0.4 மில்லிமீட்டர் அளவுத் தாள். 0.25 அளவில் இருப்பது மெல்லியது. உடலோடு ஒட்டும், இழுபடும் இடத்தில் நிறம் வெளுக்கும், சின்னச் சுருக்கங்களைக்கூட மறைக்காது. 0.6க்கு மேல் போனால் தாள் தன் வடிவத்தைத் தானே பிடித்துக்கொள்ளும். கழுத்துப்பட்டை, இடுப்பு வார் போன்றவற்றுக்குச் சரி. உடையை முன்கூட்டியே வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பாதித் திட்டம் அங்கேயே உருவாகிவிடும்.

நம் ஊரில் லேட்டக்ஸ் என்ற பெயரில் விற்பதில் பல, பாலியூரித்தேன் பூசிய பாலியெஸ்டர் துணி அல்லது பிவிசி. அதில் தவறில்லை, விலை குறைவு, அணிவது எளிது. ஆனால் ஒளி அதில் வேறு மாதிரி நடந்துகொள்ளும். பிவிசி மடிந்தால் கண்ணாடித் துண்டுகள்போல உடைந்த பளபளப்பு வரும். பூச்சுத் துணியில் பளபளப்பு மங்கி, கொஞ்சம் சாம்பல் ஏறும். லேட்டக்ஸில்தான் உடலின் வளைவோடு நீண்டு ஓடும் கோடு கிடைக்கும். கையில் இருப்பது எது என்று தெரியாமல் விளக்கை நிறுத்தாதீர்கள்.

உடுத்துவதும் மெருகேற்றுவதும்

லேட்டக்ஸ் உடையை வறண்ட உடம்பில் இழுத்துப் போட முடியாது. ஒன்று, டால்கம் பவுடர் தூவிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் சிலிக்கான் அடிப்படையிலான வழுக்குத் திரவத்தைத் தடவிக்கொள்ள வேண்டும். படப்பிடிப்புக்கு இரண்டாவது வழியையே பரிந்துரைப்பேன். பவுடர் கழுத்தோரத்திலும் மணிக்கட்டிலும் வெளியே வரும். கறுப்பு உடையில் ஒவ்வொரு துகளும் நட்சத்திரமாகத் தெரியும். பவுடர்தான் பழக்கம் என்று அணிபவர் சொன்னால் அவர் பழக்கத்தை மாற்றச் சொல்லாதீர்கள். அணிந்த பிறகு ஈரத்துணியால் ஓரங்களைத் துடைத்துவிட்டு மெருகேற்றுங்கள். குளோரின் கரைசலில் பதப்படுத்திய உடை இவை இரண்டுமே இல்லாமல் ஏறிவிடும், ஆனால் அதன் மினுமினுப்பு கொஞ்சம் அடங்கியது.

உடுத்தியவுடன் லேட்டக்ஸ் மங்கலாகத்தான் இருக்கும். சிலிக்கான் மெருகுதான் அதற்குக் கண்ணாடித் தன்மையைத் தருகிறது. ‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’ (1992) படத்தில் மிஷேல் ஃபைஃபர் அணிந்த பூனைப்பெண் உடையும் அப்படித்தான். பவுடர் பூசி உடைக்குள் புகுந்து, அதன் பிறகு மேலே சிலிக்கான் பூசி மினுங்க வைத்தார்கள். திரையில் நாம் பார்த்தது ரப்பரை அல்ல, அதன் மேல் இருந்த அந்த மெல்லிய படலத்தை.

மெருகைப் பஞ்சு உதிராத துணியில் ஊற்றித் தேய்க்க வேண்டும். நேராக உடையின் மேல் ஊற்றினால் வழிந்த தடம் தெரியும். முதுகுப் பக்கம் தவிர மற்ற இடங்களை அணிந்தவரே தேய்த்துக்கொள்ளட்டும். முதுகுக்கு அவர் யாரைக் கூப்பிடுகிறாரோ அவர் தேய்க்கட்டும். படமெடுப்பவரின் கை அங்கே போக வேண்டிய அவசியமே இல்லை. பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை திரும்ப ஒரு துடைப்பு தேவைப்படும், ஏனென்றால் கைரேகை விழாத லேட்டக்ஸ் இல்லை. உதவியாளர்களுக்கு வெள்ளைப் பருத்திக் கையுறை வாங்கிக் கொடுங்கள்.

சிலிக்கான் தரையில் சிந்தினால் சறுக்கும். குதிகால் செருப்போடு நிற்பவருக்கு அது ஆபத்து. மெருகேற்றும் இடத்தைப் பின்னணித் தாளிலிருந்து தள்ளி, பழைய ஜமுக்காளம் ஒன்றின் மேல் வைத்துக்கொள்ளுங்கள். சிலிக்கான் பட்ட விரலால் லென்ஸைத் தொட்டுவிட்டால் அந்தப் பிசுக்கு லேசில் போகாது.

லேட்டக்ஸுக்குப் பகைவர்கள் சிலர் உண்டு. முதல் பகைவன் எண்ணெய். தலையில் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு, கையில் லோஷன் தடவிக்கொண்டு வந்தால் ரப்பர் ஊதி, தளர்ந்து, காலப்போக்கில் நைந்துபோகும். முந்தின நாளே இதைச் சொல்லிவிடுங்கள். செம்பும் பித்தளையும் அடுத்தவை. வெளிர் நிற உடையில் ஒரு பித்தளை வளையல் பட்டாலே பழுப்புக் கறை பிடிக்கும், அது போகவே போகாது. நீண்ட நகமும் கூர்மையான மோதிரமும் கிழித்துவிடும். வெயிலில் காயப்போடுவதும் கூடாது.

இன்னொன்றை மறக்காதீர்கள். சிலருக்கு இயற்கை ரப்பரிலுள்ள புரதம் கடுமையான ஒவ்வாமையைத் தரும். துகள் பூசிய மருத்துவக் கையுறைகளை அமெரிக்கா 2017இல் தடை செய்ததற்கு, அந்தத் துகள் ரப்பர் புரதத்தைக் காற்றில் பரப்புவதும் ஒரு காரணம். அணிபவரிடம் மட்டுமல்ல, ஒப்பனைக்காரரிடமும் விளக்குப் பையனிடமும்கூட முன்பே கேட்டுவிடுங்கள்.

ஒளி

பேன்சி கடையில் கறுப்பு பலூன்கள் வாங்குங்கள்: உருண்டையாக ஒன்று, குழந்தைகளுக்குப் பொம்மை முறுக்கித் தரும் நீள பலூன் இரண்டு. ஊதி, கொஞ்சம் சிலிக்கான் தேய்த்து, ஆள் நிற்க வேண்டிய இடத்தில் நெஞ்சு உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். பலூனும் ரப்பர் பாலில் செய்ததுதான். உடை எப்படி நடந்துகொள்ளுமோ அப்படியே இதுவும் நடந்துகொள்ளும். கேமரா இருக்கும் இடத்தில் உட்கார்ந்து அதை உற்றுப் பாருங்கள். ஜன்னல் தெரியும், மேலே டியூப்லைட் தெரியும், செல்போனோடு உட்கார்ந்திருக்கும் உதவியாளர் தெரிவார், நீங்களும் தெரிவீர்கள். அணிபவர் வருவதற்கு முன்பே இதைச் செய்து முடித்துவிட வேண்டும். ரப்பருக்குள் ஒருவரை நிற்க வைத்துவிட்டு விளக்கை நகர்த்திக்கொண்டிருப்பவர் படமெடுக்கவே லாயக்கில்லை.

முதலில் ஒரு சாதாரணக் குடை விளக்கைக் கேமராவுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பலூனின் நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு விழும், சுற்றிலும் இருட்டு. இதே ஒளியில் ஆளை நிற்க வைத்தால் நெஞ்சில் ஒரு பொட்டு, வயிற்றில் ஒரு பொட்டு, இரண்டு தொடையில் இரண்டு. உடையின் வடிவம் எங்கேயும் தெரியாது. பல அமெச்சூர் படங்கள் இங்கேதான் தோற்கின்றன. விளக்கின் பலத்தைக் கூட்டினால் சரியாகும் என்று நினைத்து, பொட்டுகளை இன்னும் எரிய விடுகிறார்கள்.

இப்போது நீள பலூனைச் செங்குத்தாகக் கட்டி, 30 சென்டிமீட்டர் அகலமும் 120 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட ஸ்ட்ரிப் பாக்ஸ் ஒன்றைப் பக்கவாட்டில் நிறுத்துங்கள். பொட்டு போய்க் கோடு வரும். உருளையான பரப்பு பிம்பத்தின் அகலத்தைச் சுருக்குகிறது, நீளத்தைச் சுருக்குவதில்லை. கையும் காலும் உடலும் கிட்டத்தட்ட உருளைகளே. அதனால் இங்கே விளக்கின் அகலத்தைவிட உயரத்துக்குத்தான் மதிப்பு. முழு உருவப் படத்துக்கு 120 சென்டிமீட்டர் போதாது, கோடு முழங்காலுக்குக் கீழே அறுந்துவிடும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஸ்ட்ரிப் வைக்கலாம். காசு இல்லையென்றால் ஆள் உயரக் கம்பில் வெள்ளை வேட்டியை நெடுக்காகத் தொங்கவிட்டு, பின்னாலிருந்து ஃபிளாஷ் அடியுங்கள். விலையுயர்ந்த விளக்குக்கு அது இளைத்ததல்ல. வேட்டியை இஸ்திரி போட்டு, கரை தெரியாமல் மடித்துக் கட்டுங்கள். மயில்கண் கரை தொடையில் தெரிந்து பார்த்தால் புரியும் ஏன் சொல்கிறேன் என்று.

எங்கே நிறுத்துவது? ஆள் கடிகாரத்தின் நடுவில் நிற்கிறார், கேமரா 6 மணியில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், இரண்டு ஸ்ட்ரிப்களையும் 10 மணியிலும் 2 மணியிலும், அதாவது கொஞ்சம் பின்பக்கமாக நிறுத்துங்கள். இதற்கு இயற்பியலில் காரணம் உண்டு. நேருக்கு நேர் விழும் ஒளியில் ரப்பர் போன்ற பரப்பு பிம்பமாகத் திருப்பி அனுப்புவது ஏறக்குறைய 4 சதவீதம்தான். உரசினாற்போலச் சாய்ந்து வரும் ஒளியில் அந்த அளவு பல மடங்காகிறது. பின்பக்க விளக்கு குறைந்த பலத்திலேயே பளிச்சென்று கோடு வரையும். உடலின் ஓரத்தை வரைந்து, பின்னணியிலிருந்து பிரித்தும் காட்டும். இடுப்பு, தோள், தொடை எல்லாவற்றின் வளைவும் அந்தக் கோட்டில் வந்துவிடும்.

முகத்துக்குத் தனி விளக்கு வேண்டும். நடுத்தர அளவு சாஃப்ட்பாக்ஸ் ஒன்றைக் கேமராவுக்குச் சற்று இடப்பக்கம், தலைக்கு மேல் உயர்த்திச் சாய்த்து வையுங்கள். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது, தெரிந்துகொண்டால் பல தலைவலிகள் தீரும். விளக்கைத் தூரமாகத் தள்ளினால் தோலின் வெளிச்சம் குறையும். ஆனால் லேட்டக்ஸில் தெரியும் விளக்கின் பிம்பம் மங்காது, சின்னதாகும், அவ்வளவுதான். பக்கத்தில் கொண்டுவந்தால் முகம் வெளிச்சமாகும், பிம்பம் பெரிதாகும், அதன் பிரகாசம் மட்டும் அப்படியே இருக்கும். ஆகவே நெஞ்சில் விழும் பளபளப்பு முகத்தை அடித்துத் தின்கிறது என்றால், விளக்கை முகத்துக்கு நெருக்கமாகக் கொண்டுவந்து அதன் பலத்தைக் குறையுங்கள். முகம் பழையபடி இருக்கும், உடையின் பளபளப்பு அடங்கி மென்மையாக விரியும். இதற்கு நேர்மாறாக விளக்கைத் தள்ளி வைப்பவர்கள்தான் அதிகம். அவர்களுக்குக் கிடைப்பது ஊசிமுனைப் பொட்டு.

கறுப்பு அட்டைகளையும் வெள்ளை அட்டைகளைப் போலவே மதியுங்கள். வெள்ளைத் தெர்மக்கோல் ஒரு கோட்டைத் தரும். கறுப்பு அட்டை இரண்டு கோடுகளுக்கு நடுவே ஆழத்தைத் தரும். அறையின் வெள்ளைச் சுவர்கள் எல்லாத் திசையிலிருந்தும் எட்டிப் பார்த்தால் கறுப்பு உடை சாம்பலாகிவிடும். சின்ன வெள்ளை அறையில் எடுப்பதைவிட இருண்ட கல்யாண மண்டபம் நல்லது. நீங்களும் கறுப்புச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். மானிட்டரை அணையுங்கள்.

பின்னணியைப் பொறுத்தவரை எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு: கறுப்பு உடைக்குக் கறுப்புப் பின்னணி வேண்டாம். ஓரக் கோடு எங்காவது ஒரு விரற்கடை அறுந்தால் கையோ காலோ இருட்டில் காணாமல் போகும். நடுச் சாம்பல் பின்னணியில் கீழிருந்து மேலாக ஒளி தேய்வதுபோல் ஒரு விளக்கு வைத்தால் போதும். வெள்ளைப் பின்னணி கேட்டால், ஆளைப் பத்தடி முன்னால் நிறுத்தி, படத்தில் விழாதபடி இருபுறமும் ஆள் உயரக் கறுப்பு அட்டை வையுங்கள். இல்லையென்றால் பின்னணியின் வெள்ளை உடையின் ஓரங்களில் ஏறி, உடல் கரைந்துபோனதுபோல் தெரியும்.

வண்ண ஜெல்லுக்குக் கறுப்பு லேட்டக்ஸைப் போலப் பொருத்தமான பரப்பு இல்லை. பிம்பம் விளக்கின் நிறத்தை அப்படியே ஏந்திக்கொள்ளும், கறுப்பு அதில் எதையும் கலக்காது. ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் செம்மஞ்சள் என்று வைத்தால் உடல் இரண்டு நிறக் கோடுகளால் வரைந்தாற்போல் நிற்கும். முக விளக்கு மட்டும் வெள்ளையாக இருக்கட்டும். சிவப்பு, மஞ்சள் உடைகளில் இந்த வித்தை எடுபடாது.

துருவ வடிப்பான் பற்றிக் கேட்பார்கள். பளபளப்பைக் குறைக்கவே அது இருக்கிறது. லேட்டக்ஸில் நீங்கள் தேடி வந்ததே பளபளப்பு. கழற்றிப் பைக்குள் வையுங்கள்.

கேமரா

கேமராவின் ஒளிமானியை நம்பினால் கறுப்பு உடையில் படம் வெளுத்துப்போகும். சட்டகம் நிறையக் கறுப்பு இருந்தால் அது எல்லாவற்றையும் சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளை லேட்டக்ஸில் தலைகீழாக நடக்கும். முகத்தோலுக்கு அளந்து, மேனுவலில் பூட்டிவிடுங்கள். ஸ்டூடியோ ஃபிளாஷ் என்றால் ஐஎஸ்ஓ 100, அப்பர்ச்சர் எஃப் 8, ஷட்டர் 1/160 என்று தொடங்கலாம். எஃப் 2 போன்ற அகலத் திறப்பில் முகம் மட்டும் துல்லியமாகி, உடையின் கோடுகள் கலைந்துவிடும். அப்புறம் அந்த உடையை உடுத்தியதே வீண்.

பளபளப்புக் கோட்டின் நடு எரிந்து முழு வெள்ளையாவதைக் கண்டு பதறாதீர்கள். விளக்கின் பிம்பம் எரிவது இயல்பு. கோடு விரிந்து உள்ளங்கை அகலத் திட்டாகி, அதற்குள் எந்த விவரமும் இல்லை என்றால்தான் கவலை. சிவப்பு உடையில் வேறு சிக்கல்: பொதுவான ஹிஸ்டோகிராம் நன்றாக இருக்கும், சிவப்பு வரிசை மட்டும் எப்போதோ முட்டியிருக்கும். மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்து வையுங்கள். ரா கோப்பில் எடுப்பது இங்கே கட்டாயம்.

ஃபோகஸைக் கண்ணில் வையுங்கள். வழவழப்பான கறுப்புப் பரப்பில் தானியங்கி ஃபோகஸ் பிடிப்பில்லாமல் தடுமாறும். அரை உருவத்துக்கு 85 மில்லிமீட்டர், முழு உருவத்துக்கு 50க்கும் 70க்கும் இடையில் ஏதாவது ஒன்று. கேமராவை இடுப்பு உயரத்துக்கு இறக்குங்கள். அகன்ற லென்ஸில் கோடுகள் வளைந்து, கால் குட்டையாகவோ கை தடியாகவோ ஆகிவிடும்.

நிற்பதும் அசைவதும்

சுருக்கம் விழும் இடங்கள் எல்லா உடலிலும் ஒன்றுதான்: அக்குள், முழங்கையின் உட்புறம், இடுப்பு மடிப்பு, முழங்காலின் பின்புறம். உடை தளர்வாக இருந்தால் அதிகம், அளவாக இருந்தால் குறைவு. அதைப் படப்பிடிப்பன்று மாற்ற முடியாது. உங்கள் கையில் இருப்பது நிலை மட்டுமே. கையை உடலோடு ஒட்டாமல் இரண்டு விரல் இடைவெளி விட்டு வைக்கச் சொல்லுங்கள். கறுப்பும் கறுப்பும் சேர்ந்தால் கை இருப்பதே தெரியாது. இடுப்பைத் திருப்பினால் இழுவிசையில் சாய்ந்த கோடுகள் பிறக்கும், அவை அழகு. குனிந்து உட்கார்ந்தால் வயிற்றில் மடிப்பு குவியும். உட்கார வேண்டுமென்றால் உயரமான ஸ்டூலின் நுனியில், முதுகு நிமிர்த்தி.

ஒவ்வொரு நிலைக்கும் பிறகு அவரே உள்ளங்கையால் மேலிருந்து கீழாக ஒருமுறை நீவிக்கொண்டால் பாதிச் சுருக்கம் போய்விடும். அசைவு மெதுவாக இருக்கட்டும். உடல் திரும்பும்போது பளபளப்புக் கோடு உடல்மேல் நகர்ந்து ஓடுவதைக் கேமராவிலிருந்து பார்க்கலாம். தோளிலிருந்து கணுக்கால்வரை அது அறுபடாமல் ஓடும் கணம் ஒன்று வரும். அதைப் பிடிப்பதுதான் வேலை.

முகத்துக்கு மங்கலான ஒப்பனையே நல்லது. உடையும் மினுங்கி முகமும் மினுங்கினால் கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் அலையும். மாநிறத் தோலுக்கும் கறுத்த தோலுக்கும் கறுப்பு லேட்டக்ஸ் அற்புதமாகப் பொருந்தும், முக விளக்கை மட்டும் கஞ்சத்தனம் பண்ணாமல் வையுங்கள். இந்த உடையில் எடுக்கும் படங்களில் எல்லோரும் ஏன் இயந்திரம்போல உறைந்த முகத்தோடு நிற்கிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. சிரிக்கச் சொல்லிப் பாருங்கள். அந்த உடையை அவர் ஆசைப்பட்டுத்தான் உடுத்தியிருக்கிறார்.

வெளியிடத்தில்

உச்சி வெயில் வேண்டவே வேண்டாம். சூரியன் ஒரு சின்னப் பொட்டு, கறுப்பு ரப்பர் கொதிக்கும், புற ஊதாக் கதிர் உடையையும் கெடுக்கும். மேகம் மூடிய வானம் மேலிருந்து தோள்களில் அகலமான பளபளப்பைத் தரும், ஆனால் கீழ்ப்பகுதி இருண்டுவிடும். ஒரு வெள்ளை அட்டையைத் தரையில் போடுங்கள். எனக்குப் பிடித்தது மழை விட்ட இரவுத் தெரு. கடைப் பலகைகளின் நிறமெல்லாம் உடையில் ஒட்டிக்கொள்ளும், விளக்கே தேவைப்படாது. வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும் இடமாக இருந்தால் அந்தத் தெருவை விட்டுவிடுங்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும்.

உடைக்குள் இருப்பவர்

லேட்டக்ஸ் சுவாசிக்காது. வியர்வை வெளியேற வழியில்லை. உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் வழி பெருமளவு அடைபட்டுப்போகிறது. சென்னை மே மாதத்தில், விளக்குகள் எரியும் அறையில், முழு உடல் உடையோடு ஒருவர் எவ்வளவு நேரம் நிற்க முடியும் என்பதை நீங்கள் முடிவு செய்யக் கூடாது, அவர்தான் சொல்ல வேண்டும். ஏசியை முன்பே ஓடவிட்டு அறையைக் குளிர்வித்து வையுங்கள். சூடு கக்கும் ஹாலஜன் விளக்குகளைத் தவிர்த்து ஃபிளாஷோ எல்இடியோ பயன்படுத்துங்கள். பக்கத்தில் தண்ணீரும் ஒரு ஸ்ட்ராவும் இருக்கட்டும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்திக் கேளுங்கள். தலை சுற்றல், குமட்டல், திடீரெனப் பேச்சு குறைதல் ஏதாவது ஒன்று தெரிந்தால் அன்றைய வேலை முடிந்தது. அறையில் மொட்டை முனைக் கத்தரிக்கோல் ஒன்று கைக்கெட்டும் இடத்தில் வேண்டும். உடை எவ்வளவு விலையானாலும் வெட்டத் தயங்கக் கூடாது. தலையை மூடும் முகமூடி அணிந்திருந்தால் அவரைத் தனியே விட்டுப் போகாதீர்கள். பேச முடியாதபோது நிறுத்தச் சொல்ல ஒரு கைச் சைகையை முன்பே பேசி வையுங்கள்.

உடை மாற்ற உள்ளிருந்து தாழ்ப்பாள் போடும் அறை வேண்டும். உடுத்த அரை மணி ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள், கழற்றவும் நேரம் வேண்டும். கழற்றியதும் வியர்த்த உடம்பு சட்டென்று குளிரும். பெரிய துண்டு ஒன்றும் சூடாக ஏதாவது குடிக்கவும் தயாராக இருக்கட்டும். நண்பர் ஒருவரைக் கூட அழைத்து வரலாமா என்று கேட்டால், கட்டாயம் அழைத்து வாருங்கள் என்பதே பதில்.

கணினியில்

தூசியையும் பவுடர் துகளையும் கைரேகையையும் அழியுங்கள். சுருக்கங்களில் பாதியை விட்டுவிடுங்கள். எல்லாவற்றையும் வழித்துவிட்டால் மனிதர் போய்ப் பொம்மை வந்துவிடும். 16 பிட்டில் வேலை செய்யுங்கள், இல்லையென்றால் கறுப்பிலிருந்து வெள்ளைக்குத் தேயும் இடங்களில் படிப்படியாகப் பட்டைகள் தெரியும். கோட்டின் ஓரத்தை இன்னும் கூர்மையாக்க, வெளிச்சப் பக்கத்தைச் சற்று ஏற்றி, அதை ஒட்டிய இருட்டைச் சற்று இறக்கினால் போதும். இடுப்பைச் சிறுத்துக் காட்டும் வேலையில் இறங்காதீர்கள். வேறு உடையில் அந்தப் பித்தலாட்டம் மறையலாம். லேட்டக்ஸில் நேராக ஓட வேண்டிய கோடு அங்கே நெளியும், பார்த்தவுடன் பிடிபட்டுவிடும்.

ஒப்புதல் விஷயத்தைப் படமெடுக்கும் முன்பே முடித்திருக்க வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதவரை இந்த உடையில் படமெடுக்கும் வேலையை ஏற்கவே கூடாது. மற்றவர்களிடம், படம் எங்கெங்கே வெளியாகலாம், முகம் தெரியலாமா, பெயர் போடலாமா என்பதைத் தனித்தனியாகக் கேட்டு, படப்பிடிப்புக்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். அலுவலகத்துக்கோ வீட்டுக்கோ தெரியக் கூடாது என்று நினைப்பவர்கள் பலர்; அது அவர்கள் உரிமை. கோப்புக்குள் பதிந்திருக்கும் இடத் தகவலை நீக்கிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். தேர்வு செய்யும்போது அவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவர் வேண்டாம் என்ற படத்தை, எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும், அவர் கண்முன்னாலேயே அழித்துவிடுங்கள்.